பக்கத்து வீடு சிவப்பு

தேன்மொழி மவுஸை உருட்டினாள். தன் தெருவைத் தேடினாள்.

திருப்பதி மாவட்டத்தின் 'நலவாழ்வு வரைபடம்' அன்று காலைதான் எல்லோர் பார்வைக்கும் வந்திருந்தது. அதைத் தயாரித்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. வீட்டுக்கு ஒரு புள்ளி. வீட்டில் நுரையீரல் நோயாளி இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சிவந்த தெருக்களுக்குப் புது ஆஸ்பத்திரி.

வடமாலபேட்டை போகும் ரோட்டில், கல் கிரஷருக்குப் பின்னால் அவள் தெரு. முழுக்கப் பச்சை.

ஒரே ஒரு சிவப்பு. அவள் வீடு.

"ஹரிபாபு! எங்க தெருவுல நீதானே சர்வே எடுத்த?"

"அவுனக்கா, நான்தான். எல்லாரும் இருமிக்கினேதான் சொன்னாங்க, எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு. ஓடிபியும் குடுத்துட்டாங்க. நான் இன்னா பண்றது?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் பால் டிப்போ வாசலில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். உண்மையைச் சொல்வோம், ஆஸ்பத்திரி வரட்டும் என்றார்கள். வீட்டுக்குப் போனதும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். மற்றவர்கள் சொல்லத்தான் போகிறார்கள், ஆஸ்பத்திரி வரத்தான் போகிறது. நம் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளை நிற்கும்போது நாம் ஏன் சீக்கு வீடு என்று பெயர் வாங்க வேண்டும்?

"இப்ப மாத்த முடியுமா?"

"சாயங்காலம் ஆறு வரைக்கும். வூட்டுக்காரங்க ஓடிபி சொல்லணும். ஒத்தப் புள்ளின்னா தப்பா விழுந்துச்சுன்னு கழிச்சிடுவாங்கக்கா. ஒட்டின மாதிரி ரெண்டு வூடு சிவப்பா இருந்தா, மறு சர்வே பண்ணியே ஆகணும். டாக்டரோட."

ரெண்டு வீடு. இன்னும் ஒன்று போதும்.

போன வாரம் அவள் அப்பா கங்கையாவுக்கு ஷேர் ஆட்டோவுக்குள்ளேயே உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலை எட்டியது அதிர்ஷ்டம். அடுத்த தடவை?

வண்டியை விரட்டினாள்.

இடப்பக்கத்து வீடு. சிட்டிபாபு கதவைத் திறப்பதற்குள் நாலு தரம் இருமினார்.

"மாமா, உண்மையைச் சொல்லிடுங்க. நானே மாத்தித் தரேன்."

"இது தூசு இருமல் இல்லம்மா. ஏசி ஒத்துக்கல."

"உங்க வூட்ல ஏசி ஏது மாமா?"

"பஸ்ல போனேன், ஏசி பஸ்ல! உன் நைனாவுக்குச் சீக்குன்னா ஊரையே சிவப்பாக்குவியா?"

கதவு சாத்திக்கொண்டது.

வலப்பக்கத்து வீடு. செங்கம்மாவின் புருஷன் உள்ளறையில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மகள் பத்மினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் மட்டும் மாட்டிக்கினா பத்மினிய யார்டீ கட்டுவான்?"

"எங்க வூடும் சிவப்புதானே பெரிம்மா. எனக்குந்தான் சம்பந்தம் பேசிக்கினு இருக்காங்க. நான் பயப்படறேனா?"

செங்கம்மா உள்ளறைப் பக்கம் பார்த்தாள். இழுத்து இழுத்து வந்தது அந்த மூச்சு.

"நீ இருக்கியே, அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். எழுதிக்க."

ஓடிபி போனது. சற்று நேரத்தில் ஹரிபாபுவிடமிருந்து பதில்: 'மாத்தியாச்சு.'

தேன்மொழி வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தாள். கங்கையா கட்டிலில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"நாயுடுபேட்டையிலேர்ந்து மாப்ள யஸ்வந்தோட அம்மா போன் பண்ணாங்கம்மா. மேப்ல உங்க வூடு மட்டும் இன்னாத்துக்குச் சிவப்புன்னு கேட்டாங்க. தப்பா விழுந்துடுச்சுன்னேன். உங்க ஆபீஸ் பையனுக்கு ஓடிபி சொல்லி மாத்திட்டேன்."

"நைனா! யாரைக் கேட்டு மாத்தின?"

"உன் கல்யாணத்துக்கு நான் யாரைக் கேக்கணும்?"

போனை எடுத்தாள்.

"ஹரிபாபு, எங்க வூட்டைத் திரும்ப மாத்து. சீக்கிரம்!"

"நீ சொல்லித்தான் பேசறாருன்னு நெனச்சேன்க்கா." அவன் குரல் இறங்கியது. "ஆறு தாண்டிடுச்சு. லாக் ஆயிடுச்சு. இப்பவும் ஒத்தப் புள்ளிதான்."

வாசலில் நிழல் தட்டியது. செங்கம்மா, கையில் பத்மினியின் போனோடு.

"ஏன் தேனு, உங்க வூடு பச்சையா இருக்குது?"

தேன்மொழி வாயைத் திறப்பதற்குள் கங்கையாவின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். யஸ்வந்தின் அம்மா.

"இப்ப சரியாயிடுச்சு அண்ணே, பாத்தோம். ஆனா பக்கத்து வூடு சிவப்பாயிருக்குதே?"

கங்கையா செங்கம்மாவை நேராகப் பார்த்தார். மூச்சை அடக்கியதில் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆமாம்மா. அவங்க வூட்லதான் சீக்கு. நாங்க அண்டறதில்ல."

போனை வைத்தார். அடக்கி வைத்திருந்த இருமல் அவரை இரண்டாக மடக்கிக் கட்டிலில் தள்ளியது. தேன்மொழி சொம்பைத் தேடி ஓடினாள்.

செங்கம்மா அந்த இருமல் முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடிக்கத் தெருவில் இறங்கினாள்.