நாட்டுக்கு ஓர் அளவு

"இது யாரோட சட்டை? அதை மட்டும் சொல்லு. இது யாரோட சட்டை?"

"கத்தாதேடி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். இத்தனை வருஷமா நீ அடுத்தவங்களைப் பேசுறதைக் கேட்டவங்கதானே, இன்னிக்கு இதையும் கேக்கட்டும்."

தெரு ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பால் வாங்கப் போனவர்கள், குடை ரிப்பேருக்கு வந்தவர்கள், ஒரு வேலையும் இல்லாமல் வந்தவர்கள் என்று தையல்கடை வாசலில் நல்ல கூட்டம். உள்ளே வெட்டுமேசையின் இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தங்கை, நடுவில் ஒரு பழைய வெள்ளைச் சட்டை. தங்கை கட்டிக்கொள்ளப் போகும் லிப்ட் மெக்கானிக் அவனுடைய நாட்டிலிருந்து வந்த நாளில் போட்டிருந்த சட்டை அது. அவனுடைய கைகள் இரண்டும் அதற்குப் பிறகு ஒரு சாண் குட்டையாகிப் போயிருந்தன. அந்த வாரம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியிருந்ததால் தெருவில் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி முடித்தார்கள்.

அக்காவைத் தெருவில் கத்தரியக்கா என்பார்கள். துணியை வெட்டியதைவிட ஆளை வெட்டியது அதிகம் என்பதால் வந்த பெயர். நாலு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஒண்டிக்கொண்ட தெரு அது. தீவுக்காரர், மலைக்காரர், ஆற்றுக்காரர், சமவெளிக்காரர். கத்தரியக்காவும் சமவெளியிலிருந்து தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவள்தான். ஆனால் மற்றவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தான் மட்டும் அந்தத் தெருவிலேயே முளைத்தவள் மாதிரி பேசுவாள். கடை திறந்த புதிதில் ஒரு பெரிய கம்பெனியின் யூனிஃபார்ம் ஆர்டர் வந்தது. ஆட்கள் எல்லா ஷிஃப்டிலும் சிதறிக் கிடந்தார்கள், கூப்பிட்டு அளவெடுக்க நேரமில்லை. யார் எந்த நாடு என்று மட்டும் கேட்டுக்கொண்டு, நாட்டுக்கு ஓர் அளவு வைத்து வெட்டித் தள்ளினாள். ஒரு சட்டைகூட ஆல்டருக்குத் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் மேல் அவள் இஞ்சு டேப்பை வைத்ததே கிடையாது. காக்கிக் காகிதத்தில் வெட்டிய மூன்று மாதிரிகள் ஆணியில் தொங்கின, அவ்வளவுதான்.

தன் நாட்டு ஆட்கள் வந்தால் மட்டும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முன்னே பின்னே திருப்பி, மூச்சை இழுத்து விடச் சொல்லி அரைமணி நேரம் அளவெடுப்பாள். "நம்மாளுங்க ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இருக்க மாட்டாங்க" என்பாள். மற்றவர்களுக்கு வாசலிலேயே தீர்ப்பு. "தீவுக்காரனா? கை குட்டையா வெட்டு, வேலைன்னா நீட்ட மாட்டான். வயித்துல ரெண்டு இஞ்சு சேத்துக்கோ, சாப்பாட்டு விஷயத்துல குறை வெக்க மாட்டான்." மலைக்காரனுக்குக் கழுத்தே கிடையாது, கோபம்தான் உண்டு என்று காலரைக் காதுவரை ஏற்றுவாள். ஆற்றுக்காரர்களுக்குப் பையை ஆழமாகவும் வாயைச் சின்னதாகவும் வைப்பாள், உள்ளே போனது வெளியே வரக் கூடாதாம்.

போட்டவர்களுக்கெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எப்படிப் பொருந்தியது என்றால், துணி உடம்புக்கு வரவில்லை, உடம்பு துணிக்குப் போனது. ஒட்டகம் மாதிரி நீண்ட கழுத்தோடு வந்த மலைநாட்டுக் கொத்தனாருக்கு இரண்டு மழைக்காலத்தில் தலை தோளுக்குள் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்பியாக வேண்டும், அதைப் பார்த்தவர்கள் சண்டைக்கு வருகிறான் என்று விலகினார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தே சம்பளத்தைக் கரைத்த ஆற்றுநாட்டு நர்ஸின் கை ஒருநாள் பைக்குள் போனது, மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டது. அதிலிருந்து அவள் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுத்ததில்லை. தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, அவர்கள் வரும் முன்பே தெரு அவர்களை அப்படித்தான் பார்த்து வைத்திருந்தது. "ஆத்துக்காரி வேற எப்படி இருப்பா?" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

தங்கைக்குக் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற வேலை. தலை நிமிராமல் தைப்பவள், ஒரு தீவுக்காரனுக்காக நிமிர்ந்தாள். லிப்ட் மெக்கானிக்குக்கு வாரம் ஒரு பட்டன் அறுந்தது. எந்தச் சட்டையிலும் பட்டன் அப்படி அறுந்து தெரு பார்த்ததில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரிந்து, கடைசியில்தான் கத்தரியக்காவுக்குத் தெரிந்தது. தாம்தூம் என்று குதித்தாள், பட்டினி கிடந்தாள், பட்டினி சரிப்படாமல் சாப்பிட்டுவிட்டுச் சம்மதித்தாள். "கட்டிக்கோ. ஆனா இப்பவே பெரிய பானையா ஒண்ணு வாங்கிடு" என்றாள்.

அவன் வேலைக்குச் சேர்ந்தபோது லிப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எட்டிக் கப்பிக்கு கிரீஸ் போடுவான். அப்படி எட்டுகிற கை மற்ற யாருக்கும் கிடையாது என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். யூனிஃபார்ம் போடப் போட கை எட்டுவது குறைந்தது. முதலில் கப்பி எட்டவில்லை, பிறகு பிரேக் எட்டவில்லை. கம்பெனி அவனைக் கீழே இறக்கி, லிப்டுக்குள் ஒரு ஸ்டூல் போட்டு, வருகிறவர்களுக்கு மாடி பட்டன் அமுக்க உட்கார வைத்தது. "பாத்தியா, உக்காந்து சம்பளம் வாங்குற வேலையைத் தேடிப் பிடிச்சுட்டான். தீவுக்காரன் புத்தி" என்று கத்தரியக்கா வாய்விட்டுச் சிரித்தது தங்கை காதில் விழத்தான் செய்தது. மேல்மாடி பட்டனுக்கு அவன் எக்க ஆரம்பித்ததும் கம்பெனி, இந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள் என்றது. வேலை போனால் அந்த ஊரில் தங்குகிற அனுமதியும் போய்விடும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு மாப்பிள்ளையைக் கப்பலேற்றப் போகிறார்கள். அந்தக் கலக்கத்தோடு அவன் பெட்டியை அடுக்க உதவப் போன இடத்தில்தான், பெட்டிக்குள் அடியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை தங்கைக்குக் கிடைத்தது.

"பழைய துணி, துவைக்கத் துவைக்க நீண்டிருக்கும்" என்றாள் கத்தரியக்கா.

"இருபது வருஷமா துணியோட கிடக்குற, துணி சுருங்குமா நீளுமான்னு உனக்குத் தெரியாதா?"

வாசல் கூட்டம் இதற்குச் சிரித்தது. அந்த நேரம் பார்த்து லிப்ட் மெக்கானிக் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தான். தங்கை சட்டையை அவனிடம் கொடுத்தாள், அவன் யூனிஃபார்மின் மேலேயே அதைப் போட்டுக்கொண்டான். தோள் சரியாக இருந்தது. கைப்பட்டி மட்டும் மணிக்கட்டில் நிற்காமல் இறங்கி, விரல்கள் மொத்தமும் உள்ளே ஒளிந்துகொண்டன. அவன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தான். பிறகு, எல்லாருக்கும் சங்கடமாகி விட்டதே என்று அவனே சமாதானம் சொன்னான்.

"விடுங்கக்கா. எங்க ஆளுங்களுக்குக் கை கொஞ்சம் குட்டைதானே. எங்கம்மா தெரியாம நீளமா தெச்சுட்டாங்க போல."

வாசலில் நின்ற கூட்டம் அதற்குப் பிறகு நிற்கவில்லை. பால் திரிந்துவிடும் என்று ஒருத்தர், அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒருத்தர், யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் கலைந்தார்கள். பெற்ற தாய் அளந்து தைத்ததைப் பிள்ளை தப்பு என்று சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கத்தரியக்கா மட்டும் எங்கேயும் போக முடியாது, கடை அவளுடையது. கழுத்தில் மாலை மாதிரி கிடந்த டேப்பை எடுத்து, முதல் தடவையாக ஒரு தீவுக்காரனின் தோளில் வைத்து மணிக்கட்டுவரை இழுத்தாள். ஆணியில் தொங்கிய காகிதத்தோடு வைத்துப் பார்த்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை. என் கண்ணு தப்பாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவளுக்கு, கண் தப்பவில்லை என்று தெரிந்த அந்த நிமிடத்தில் முகம் தொங்கிப்போயிற்று.

துணி சுருக்கியதைத் துணியே நீட்டாதா என்று, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போடும் கோட்டுத் துணியை நீளக் கை வைத்து வெட்ட உட்கார்ந்தாள். மேசையில் சாக்பீஸால் சரியாகத்தான் கோடு போட்டாள்; கத்தரி போனது என்னவோ ஒரு சாண் உள்ளே. துணியை வீணாக்கிவிட்டு இன்னொன்று எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே வெட்டி முடித்தாள், ஆனால் அவன் போட்டதும் கை தானாகச் சுருண்டு மேலேறி மணிக்கட்டில் நின்றுகொண்டது. வாய் நீளம் என்றது, கணக்கு நீளம் என்றது, அவளுக்குள் இருந்த எதுவோ நம்ப மாட்டேன் என்றது.

அந்தக் கோபத்தைக் கொட்ட அவள் தெருக்கோடிச் செருப்புக்கடைக்குப் போனாள். கடைக்காரர் மாப்பிள்ளையின் சித்தப்பா, தீவுக்காரர். கல்யாண வேலைக்கு ஒரு கை கொடுக்கவில்லை என்று அவரிடம் சண்டை பிடிக்கலாம் என்பது அவள் உத்தேசம். அவரோ சம்பந்தி வீட்டம்மா வந்துவிட்டாள் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கேட்காமலே அலமாரியிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து நீட்டினார், கல்யாணப் பரிசாம்.

"அளவு பாக்க வேணாமாண்ணே?"

"உங்க ஆளுங்களுக்கு எதுக்கும்மா அளவு? பூனை மாதிரி சின்ன அடியா எடுத்து வெப்பீங்க, பாதி பேசுவீங்க, பாதியை மனசுல வெச்சுக்குவீங்க. குதிகால் கீழ படவே படாது. இத்தனை வருஷம் என்கிட்டதானே வாங்கினீங்க, ஒரு தடவையாவது கடிச்சிருக்கா?"

கடித்ததில்லை. கத்தரியக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். குதிகால் இரண்டும் தரையிலிருந்து விரல்கடை உயரத்தில் நின்றன. சமவெளியில் இருந்தபோது வாய்க்காலை ஒரே தாவில் தாண்டியவள் அவள். இங்கே வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாக்கடையைத் தாண்டக் கூடப் பலகை போட்டு வைத்திருக்கிறாள், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவர் சட்டையைப் பிடித்துக்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் பேசிய தோரணை, அந்தச் சிரிப்பு, தனக்கு எல்லாம் தெரியும் என்கிற அந்தத் தலையாட்டல் எல்லாம் அவளுக்கு அத்தனை பழக்கமானவை. செருப்பை வாங்கிக்கொண்டு, "வரேன்ண்ணே" என்று சொல்லிவிட்டுச் சின்னச் சின்ன அடியாக நடந்து வந்தாள். வழியில் கொத்தனார் உடம்பையே திருப்பி, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி போய்விட்டாள்.

கடைக்கு வந்து கத்தரியைத் தங்கையின் முன்னால் வைத்தாள். "நீ வெட்டு."

"எனக்குக் காஜா தவிர என்ன தெரியும்? கோணலா போயிடும்."

"போகட்டும். எனக்கு அவனைப் பாத்தா கை குட்டையாத்தான் தெரியுதுடி. என்ன பண்ணியும் போக மாட்டேங்குது. உனக்கு எப்படித் தெரியுது?"

தங்கைக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் சாக்பீஸை எடுத்து வெட்டுமேசையில் ஓர் இடத்தில் புள்ளி வைத்தாள். அவன் முதன்முதலில் பட்டன் அறுந்த சட்டையை நீட்டியபோது கை வந்து நின்ற இடம் அதுதானாம். அக்கா அந்த இடத்தைப் பார்த்தாள். அன்று அவளும் அந்த மேசை பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ஆனால் அந்தக் கையைப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

தங்கை வெட்டிய கல்யாணக் கோட்டு மாதிரி ஒரு கோட்டை அந்தத் தெரு அதற்கு முன்னும் பின்னும் பார்க்கவில்லை. காலர் ஒரு பக்கம் தூக்கியது, பை ஒன்று மார்பிலும் மற்றொன்று ஏறக்குறைய இடுப்பிலும் இருந்தது. மாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். கைகள் மெதுவாக இறங்கி வந்தன, பனியனுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, வலியில்லாமல். தங்கைக்கு வெட்டு பழக்கமில்லாததால் இடது கை வலது கையைவிட விரல்கடை நீளமாக வந்து நின்றது. அவன் அதற்கும் குறை சொல்லவில்லை. கிரீஸ் போட இடது கைதான் வேண்டும் என்றான்.

கப்பி எட்டியதும் கம்பெனி வாயை மூடிக்கொண்டது, கல்யாணம் நடந்தது. கத்தரியக்கா முன்வரிசைக்கு வரவில்லை. தூணோரம் நின்று பார்த்தாள், சாப்பிடக் கூப்பிட்டபோது கொத்தனாரையும் நர்ஸையும் முதலில் உட்கார வைத்துத் தானே பரிமாறினாள். பிறகு அவர்களிடம் டேப்போடு போய் நின்றாள். நர்ஸ் புதுப்பை வைத்துத் தரச் சொன்னாள். கை வெளியே வந்தது, ஆனால் கொடுக்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. கொத்தனார் வேண்டாம் என்றுவிட்டார். இந்தக் கழுத்துக்குத்தான் ஊரில் பயப்படுகிறார்கள், இருக்கட்டும் என்றார். அவர் அந்த மழைக்காலத்திலேயே நர்ஸைக் கட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டார். செருப்புக்கடைக்காரர் கடையை விற்றுவிட்டுத் தீவுக்கே திரும்பினார். அவரிடம் கத்தரியக்கா கடைசிவரை எதுவும் கேட்கவில்லை.

தங்கையும் மாப்பிள்ளையும் வடக்கே ஒரு நகரத்துக்குக் குடிபோனார்கள். தீவு, சமவெளி என்ற பெயர்களையே கேள்விப்படாத ஊர் அது, அங்கே லிப்டுகள் ரொம்ப உயரம். மறு வருடம் பெண் குழந்தை பிறந்தது. அக்கா, பாப்பாவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடு என்று தங்கை கேட்கவில்லை. தைத்துத் தரட்டுமா என்று கத்தரியக்காவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரெடிமேட் கடைக்குப் போய், கூட்டம் குறையும்வரை நின்று, ஒரு மஞ்சள் கவுன் வாங்கினாள். எந்த அளவு வேண்டும் என்று கடைப்பெண் கேட்டாள். தெரியாது, கொஞ்சம் பெரிதாகவே கொடு என்றாள் கத்தரியக்கா.