முவாரா பாருவுக்கு வழி தெரிந்தவன்

மத்திய ஜாவாவில் எங்கள் கிளாத்தென் பக்கம் யாரிடம் வழி கேட்டாலும் "தெரியாது" என்ற பதில் வராது. கேட்டவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது மரியாதைக்குறைவு. அதனால் தெரிகிறதோ இல்லையோ, கட்டைவிரலை நீட்டி ஏதோ ஒரு பக்கம் காட்டிவிடுவோம். அந்தப் பக்கம் போனவர் என்ன ஆனார் என்று பார்க்க யாரும் பின்னால் போவதில்லை. நான் போனேன். கூடவே போனேன். அதுதான் வினை.

என் பெயர் பிரஸ்தோவோ. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, லீவு கிடைத்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவேன். ஜகார்த்தாவுக்கு அது ஏழாவது முறை. டாக்ஸி ஏறுபவன் ஊர் பார்ப்பவனே இல்லை என்பது என் கட்சி. பஸ் அட்டையை ஒரு தடவை தட்டி உள்ளே போய்விட்டு, வெளியே வராமல் நிலையத்துக்கு நிலையம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த மூவாயிரத்து ஐந்நூறு ரூபியாவிலேயே ஊரை ஒரு சுற்று சுற்றிவிடலாம். இதைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் படித்தார்கள். இருநூறு பேருக்கே எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு செனென் பஸ் நிலையத்தில் அட்டையைத் தட்டப் போனபோது அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு சணல் பை, அதற்குள் சின்ன வெங்காயம். வெங்காயத்துக்குப் பேர்போன பிரெபெஸ்காரர் என்று அந்த வெங்காயமே சொல்லிவிட்டது.

"தம்பி, முவாரா பாருவுக்கு எந்த பஸ்ஸுங்க?"

"முவாரா பாருவா? வாங்கம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

முவாரா பாரு எனக்குத் தெரியாது. வடக்கே, கடலோரம், மீன் துறைமுகம். அவ்வளவுதான். வடக்கே போகிற பஸ்ஸில் ஏறி கோத்தா நிலையத்தில் மாறினால் ஆச்சு என்று நினைத்தேன். அவரிடம் அட்டை இல்லை. என் அட்டையையே இரண்டாவது முறை தட்டி உள்ளே விட்டேன். அவர் கும்பிடாத குறைதான்.

உட்கார இடம் கிடைத்த பிறகுதான் விஷயம் வந்தது. பெயர் கார்சினா. ஒரே மகள் தர்யாத்தி. கடலோரத்தில் சிப்பி உடைக்கிற வேலை, அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல். நேற்று ராத்திரி, இஷா தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டாள். மருமகன் ருஸ்தி போனில் சொன்னதும் பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிக்கொண்டு விடிகாலை ரயிலைப் பிடித்திருக்கிறார்.

"நாலு பெருநாளா வரல தம்பி. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னா. மத்தியான லுஹர் தொழுக வரைக்கும் அடக்காம வெச்சிருக்கோம்னு மருமவன் சொல்லுச்சு. அதுக்கு மேல முடியாதாம். அப்புறம் கடல் ஏறினா பொதைக்கிற மையவாடிக்குள்ள தண்ணி வந்துருமாம். மொகத்த மட்டும் பாத்துட்டாப் போதும்."

"மணி ஒம்போதுகூட ஆகலம்மா. பதினொண்ணுக்கு முன்னாடியே அங்க இருப்போம்" என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற சந்தோஷம். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்போல் இருக்கிறது.

வழியில் மாற வேண்டிய நிலையத்தை மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்டிருந்தார்கள். பஸ்களை எங்கெங்கோ திருப்பிவிட்டிருந்தார்கள். நான் கடைசியாக வந்தது ஒன்றரை வருஷம் முன்பு. பலகையில் அம்புக்குறியைப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. காவலுக்கு நின்றவரைக் கேட்டிருக்கலாம். ஆனால் "தெரிந்த ஆள்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது இன்னொருவரிடம் போய் எப்படிக் கேட்பது? வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அரைமணி நேரம் போன பிறகு ஜன்னலில் கன்டெய்னர் லாரிகளாக வர ஆரம்பித்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முடிவே இல்லாமல். நாங்கள் கிழக்கே, தஞ்சுங் பிரியோக் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முவாரா பாரு மேற்கே இருந்தது.

"இது சரியான வழிதானே தம்பி?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, பேச்சுக்குக் கேட்டார்.

"இதுவும் ஒரு வழிதாம்மா. கொஞ்சம் சுத்து. ஆனா வெளிய போகாம மாறிக்கலாம், மறுபடி டிக்கெட் வேணாம்."

அவர் தலையாட்டினார். பையிலிருந்து ஒரு உப்பு முட்டையை எடுத்து உரித்து என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் தின்றேன்.

பத்தேகாலுக்கு அவருடைய போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு, "இதோ, வந்துட்டிருக்கேன்ப்பா, எங்கன்னு தெரியல, ஒரு தம்பி கூட்டிட்டு வருது" என்று என்னிடம் நீட்டினார். ருஸ்தி. குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, எங்க இருக்கீங்க? சொல்லுங்க. என் தம்பிகிட்ட பைக் இருக்கு, அனுப்புறேன். எங்கன்னாலும் வந்து ஏத்திக்குவான்."

இதைவிட ஒருவன் என்ன செய்ய முடியும்? பிரியோக்கில் நிற்கிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பிரியோக் என்று சொன்னால், செனெனிலிருந்து முவாரா பாருவுக்கு ஏன் பிரியோக் போனீர்கள் என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு நான் அந்த அம்மாவின் முன்னாலேயே பதில் சொல்ல வேண்டும்.

"வேணாம் தம்பி. பஸ் ஏறியாச்சு. பக்கத்துல வந்துட்டோம். பதினொண்ணுக்கு வந்துருவோம்."

"சரிண்ணே. ரொம்ப நன்றிண்ணே" என்று வைத்துவிட்டான்.

அங்கிருந்து மேற்கே திரும்ப ஒரு பஸ் கிடைத்தது. பெஞ்சாரிங்கானில் இறங்கும்போது பதினொன்று பதினைந்து. வெளியே வாசலில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிற ஏழெட்டு ஓஜெக் பைக்குகள் நின்றன. ஓட்டுகிறவர்களில் வயதான ஒருவர் கார்சினாவைப் பார்த்தார். பார்த்ததும் என்ன விஷயம் என்று புரிந்துகொண்டவர்போல இரண்டு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

"முவாரா பாருவா? ரெண்டு பேரும் ரெண்டு வண்டியில ஏறுங்க. பத்து நிமிஷம்."

கார்சினா இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சில் கையை வைத்தார். "தம்பி, பைக்கிலயே போயிடலாமா? எங்கிட்ட இருக்கு. நானே ரெண்டு பேருக்கும் குடுத்துடுறேன்."

"எதுக்கும்மா வீணா? இங்கேர்ந்து சின்ன வேன் போகுது, இலவசம். அட்டையத் தட்டினாப் போதும், காசே கிடையாது. இதோ வந்துரும்."

என்னைக் கேட்டால் இதற்கு ஒரு காரணமும் சொல்ல முடியாது. அவர் பணம். அவர் மகள். ஆனால் எத்தனையோ வருஷமாக ஓஜெக்காரர்களைக் கையசைத்து அனுப்பிப் பழகிய கை, தானாகவே அசைந்தது. பெரியவர் ஹெல்மெட்டைத் திரும்ப வண்டியில் மாட்டிவிட்டு, "இலவசம்னா சீக்கிரம் வருமாக்கும்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். கார்சினாவின் கை முடிச்சிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டார்.

வேன் நாற்பது நிமிஷம் வரவில்லை. இரண்டு தடவை நான், "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். இரண்டு தடவையும் அவர், "பரவால்ல தம்பி, நீங்க நிக்காதீங்க, உக்காருங்க" என்றார். வேன் வந்து, ஏறி, நூறு அடி போயிருக்க மாட்டோம். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு சொல்லிவிட்டார்கள். கார்சினா இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகச் சாலைக்கு வந்ததும் வேன் நின்றுவிட்டது. சாலை முழுக்கத் தண்ணீர். மழை இல்லை, வெயில் சுட்டெரிக்கிறது, ஆனால் கடல் சாக்கடை வழியாக ஏறிச் சாலையில் நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இதுக்கு மேல வண்டி போவாதுங்க. எறங்கி நடங்க" என்றார்.

நடந்தோம். முட்டிக்குக் கீழே கறுப்புத் தண்ணீர். அவர் செருப்பைக் கழற்றி வெங்காயப் பைக்குள் வைத்துக்கொண்டார். "தெரி சந்து" என்று மருமகன் சொன்ன பெயரை வழியில் ஒரு மீன் கூடைக்காரரிடம் கேட்டேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான்போல. கொஞ்சமும் யோசிக்காமல் கட்டைவிரலை இடதுபக்கம் நீட்டினார். இடதுபக்கம் போனால் ஐஸ் கிடங்கின் மதில். திரும்பி வந்தோம். அதில் கால்மணி நேரம் போனது.

அங்கேதான் கார்சினா நின்றார். தண்ணீரில் நின்றுகொண்டே, என்னைப் பார்க்காமல், மதிலைப் பார்த்துச் சொன்னார்.

"தொழுகை முடிஞ்சிருக்கும்ல தம்பி."

"வெச்சிருப்பாங்கம்மா. நீங்க வர்றது தெரியும்ல."

"ஆமா. மருமவன் வெச்சிருக்கும். நல்ல புள்ள அது."

வீட்டைக் கண்டுபிடித்தபோது ஒன்று இருபது. சாவு வீடு என்று காட்ட வாசலில் மஞ்சள் துணிக்கொடி கட்டியிருந்தது. உடலைத் தூக்கிப்போகிற மையத்துக் கட்டில் சுவரில் சாத்தியிருந்தது, காலியாக, கால்களில் ஈரச் சேறு. ஆண்கள் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குழாயடியில் வரிசையாக நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் காலிலும் ஒரே சேறு.

கார்சினா அந்தக் கட்டிலைப் பார்த்தார். வெங்காயப் பையைக் கீழே வைக்க இடம் தேடினார். எங்கும் ஈரமாக இருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டார்.

ருஸ்தி ஓடிவந்தான். சின்னப் பையன் மாதிரிதான் இருந்தான், இருபத்தைந்துகூட இருக்காது. அவர் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதான்.

"தொழுகைக்கப்புறமும் அரை மணி நேரம் வெச்சிருந்தேம்மா. குழிக்குள்ள தண்ணி ஊற ஆரம்பிச்சிடுச்சு. வாளியில எறச்சோம். எறைக்க எறைக்க வந்துச்சு. இமாம் போதும்னுட்டாரு. தண்ணிக்குள்ளதாம்மா வெச்சோம் அவள."

"மையவாடிக்கு இப்பப் போலாமா?" என்று கார்சினா கேட்டார்.

"இப்ப முடியாதும்மா. இடுப்பளவு நிக்குது. ராத்திரி வடிஞ்சாத்தான். வடிஞ்சாலும் மண்ணு எப்படி நிக்கும்னு தெரியல."

எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தார்கள். தேநீர் வந்தது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. எழுந்து போவது மரியாதை இல்லையே. சுவரோரத்தில் தர்யாத்தியின் சிப்பிக் கத்தி ஒன்று, சாமான்களோடு சாமானாக ஒரு டப்பாவில் கிடந்தது. நான் அவளைப் பார்த்ததே இல்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் எனக்கும் தெரியாது, நாலு வருஷமாக அவள் அம்மாவுக்கும் தெரியாது.

ருஸ்தியின் அண்ணன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஆள், காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தான். உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டான்.

"ரயில் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"எட்டு மணிக்கு வந்துருச்சுப்பா" என்றார் கார்சினா.

"எட்டு மணி. செனென்லேர்ந்து இங்க வர அஞ்சு மணி நேரமா? நடந்து வந்திருந்தாக்கூட மையத்தக் குளிப்பாட்டுறதுக்குள்ள வந்திருப்பீங்களே." அவன் என்னைப் பார்த்தான். "பைக் அனுப்புறோம்னு சொன்னோம். வேணாம்னு சொன்னது யாரு?"

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வழி தெரியாது, பொய் சொன்னேன், ஓஜெக்கை நான்தான் தடுத்தேன் என்று மூன்றே மூன்று விஷயம். எனக்கு முன்னால் அவர் பேசிவிட்டார்.

"நாந்தான்ப்பா வேணாம்னு சொல்லச் சொன்னேன். பைக்குன்னா எனக்குப் பயம். ஊர்லயே ஏற மாட்டேன். இந்தத் தம்பி ஓஜெக்ல போயிடலாம்மான்னு எத்தனையோ தடவ சொல்லுச்சு. நாந்தான் பஸ்ஸுலயே போலாம்னு புடிவாதம் புடிச்சேன்."

ருஸ்தி தலையைத் தூக்கினான். அவ்வளவு நேரம் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கையை விட்டுவிட்டான்.

"பயமா? அவளத் தண்ணியில போட்டு மண்ணத் தள்ளிட்டு வந்திருக்கேன். பாதி மண்ணு கரைஞ்சே போச்சு. அம்மா வந்துரும், அம்மா வந்துரும்னு எல்லார் கால்லயும் விழுந்து நிறுத்தி வெச்சேன். ஒங்களுக்கு பைக்ல ஏற பயம்."

கார்சினா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதுகு வளைந்திருந்தது. ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

ருஸ்தி என்னிடம் திரும்பினான். "அப்படியாண்ணே? அவங்கதான் வேணாம்னாங்களா?"

"ஆமா" என்றேன். "அம்மாவுக்கு பைக்குன்னா பயம்."