ஜன்னலோரத்துத் துண்டு

தனியாக ஊர் சுற்றுகிறவன் பையைக் கண்ணிலிருந்து விடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். 1961-இல் சித்தன்னவாசல் பார்த்துவிட்டுப் புதுக்கோட்டைக்கு வந்து திருச்சி பஸ்ஸைப் பிடித்தேன். கூட்டம் ஏறுவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடித்து, அதன்மேல் பையையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பினால் பஸ்ஸைக் காணோம்!

பைக்குள் இருந்தது மைத்துனரிடம் இரவல் வாங்கிய கேமரா. அடித்துப் பிடித்து ஒரு லாரியில் ஏறினேன். இந்நேரம் எவன் தோளில் தொங்குகிறதோ? டிரைவர் வேறு பீடி பற்றவைக்க வண்டியை மெதுவாக்கினார். "சீக்கிரம் போங்க!" என்று கத்தினேன்.

கீரனூரில் அந்த பஸ் நின்றிருந்தது. படியில்கூட ஆட்கள் தொங்கினார்கள். முண்டியடித்து உள்ளே போனேன். என் இடம் மட்டும் காலியாக இருந்தது. துண்டும் பையும் வைத்தது வைத்தபடி கிடந்தன.

அதை ஒட்டி, கம்பியைப் பிடித்தபடி நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"நீ உக்காந்திருக்கலாமேம்மா!" என்றேன்.

"துண்டு கெடந்துச்சுங்க. ஆளு வருவாகன்னு யாரும் உக்காரல" என்றவள், எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். "இங்கிட்டு வந்து உக்காருங்க."