நெல்சனுக்கு எல் போர்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து என் காரில் ஏறிக்கொண்டது.

சிறையில் இருந்த மூன்று ஆண்டுகளில் நெல்சனின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. இனி எல் போர்டு மாட்டிப் பழகி, டெஸ்ட் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் உட்கார வேண்டும். இருபது வருடம் தேயிலை லாரி ஓட்டியவருக்கு, ஒழுங்காக ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத நான் வாத்தியார். தலையெழுத்து!

"நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதுமுங்க சார். லைசென்ஸ் வந்தாத்தான் எஸ்டேட்ல மறுக்கா வேலை குடுப்பாங்க."

2

கதையின் முதல் வரி: 'மலைப்பாதையை மேகம் மூடியிருந்த அந்தக் காலையில்...' (அடித்துவிட்டேன். விபத்தன்று நல்ல வெயில்.)

மாற்று வரி: 'ஒரு பாவமும் அறியாத நெல்சன்...' (இதையும் அடித்துவிட்டேன். மலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும். அன்று லாரியில் இறங்கிய நெல்சன் நிற்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறி வந்த ராஜசேகர் அங்கேயே செத்துப்போனார்.)

3

நேற்று மலைமேல் இருக்கும் பிக்கட்டியிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் நெல்சன் காரை நிறுத்தினார்.

"ஏனுங்க நின்னுட்டீங்க?"

"வண்டி ஏறி வருதுங்க சார்."

எட்டிப் பார்த்தேன். சாலை காலி. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவர் அசையவில்லை. அடுத்த வளைவிலும் அதே கதை.

"டெஸ்ட்ல இப்படி நின்னா ஃபெயில் பண்ணிருவாங்க, நெல்சன்."

"தெரியுமுங்க. காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டீங்குது."

4

முடிவு ஒன்று: பாஸாகிறார். ராஜசேகரின் மனைவி காளியம்மாள் அவரை மன்னிக்கிறார். (அந்த அம்மாளைக் கேட்காமல் நான் யார் மன்னிக்க?)

முடிவு இரண்டு: ஃபெயிலாகிறார். எஸ்டேட்டில் கைவிரிக்கிறார்கள். அதன் பிறகு அவர்...*

* எழுத மனம் வரவில்லை.

நாளை டெஸ்ட். அவர் பாஸாக வேண்டுமானால், வளைவில் நிற்காதே என்று இன்றைக்கே பழக்கிவிட வேண்டும். ஒருமுறை நிற்காமல் போய் ஓர் உயிரை எடுத்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாவிட்டால் அவர் பிழைப்பு போகும். எனக்கு அலுத்துவிட்டது. நான் இறங்கிக்கொள்கிறேன், நீங்கள் ஏறி உட்காருங்கள்.

வளைவில் கார் நிற்கிறது. கீழே எதுவும் தெரியவில்லை. நெல்சன் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்கிறார்:

"போலாமுங்களா?"