பதினோராம் நம்பர் பிள்ளை

காரைக்குடியில் அந்த வீட்டு மாடியில் நடந்த விளையாட்டைப் பற்றி, எதிரே மைதானத்தில் ஆடியவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பேருக்குப் பந்து கையில் நின்றிருக்காது.

அறுபத்தொன்பதாம் வருஷம். தை பிறந்து பங்குனி முடியும்வரை அந்த மைதானத்தில் சாயங்காலமானால் ஆறு கிளப்புகள் கூடைப்பந்து ஆடும். கம்பங்களில் பெரிய பெரிய விளக்குகள். அவற்றுக்கு மின்சாரம் இந்த வீட்டிலிருந்துதான் தெருவைத் தாண்டிக் கம்பியில் போயிற்று. வீட்டுப் பெரியவர் தர்மமாகக் கொடுத்த கரண்டு அது. அவர் மெட்ராஸில் இருந்தார், அவருடைய தம்பி மலேயாவில் இருந்தார். அத்தனை பெரிய வீட்டில் மிச்சம் இருந்தது அவர்களைக் கட்டிக்கொண்ட இரண்டு பெண்கள்தான். மூத்தவள் தேனம்மை, இளையவள் நாகம்மை.

செட்டியார் வீட்டுப் பெண்கள் மைதானத்தில் போய் உட்கார்ந்து பந்தாட்டம் பார்த்தால் ஊர் என்ன சொல்லும்? அதனால் மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தார்கள். கூடவே கல்யாணசுந்தரியும் வருவாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர், கொத்தமங்கலத்து விவசாயக் குடும்பம். இந்தப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். சும்மா பார்த்தால் தூக்கம் வருகிறது ஆச்சி, ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம், எந்தக் கிளப்பில் ஆடினாலும் சரி, அவர்கள் போடும் கூடையெல்லாம் நம் கணக்கு என்றாள். ஒரு கூடைக்கு ஒரு புளியங்கொட்டை. ஆளுக்கொரு வெண்கலக் கிண்ணம். பங்குனிக் கடைசியில் யார் கிண்ணத்தில் கொட்டை குறைவோ அவர் தீபாவளிக்கு மற்ற இருவருக்கும், முறுக்கு பிழிந்து வெல்லப்பாகில் புரட்டும் மணகோலம் சுட்டுத் தர வேண்டும். மணகோலம் சுட்டவர்களுக்குத் தெரியும் அது எத்தனை பெரிய தண்டனை என்று.

தை முதல் வெள்ளிக்கிழமை திருவுளச்சீட்டுப் போட்டு வரிசை பிடித்து ஆள் எடுப்பார்கள். போன வருஷம் வைத்திருந்தவர்களெல்லாம் பொதுவுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒருவனை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிள்ளை கூட்டுவது என்று பெயர் வைத்தவள் நாகம்மை. தங்கள் வழக்கத்தில் பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனைக் கூட்டிக்கொள்வதுபோல என்றாள். சொன்னவள் சும்மா இருந்திருக்கலாம். ஊரறியக் கூட்டின பிள்ளையைத் திருப்பி அனுப்புவது உண்டா, அதனால் கூட்டின ஆட்டக்காரனையும் நடுவில் விடக்கூடாது, மாற்றக்கூடாது என்று ஒரு சட்டமும் போட்டாள். தன் வாயாலேயே தனக்கு ஆப்பு வைத்துக்கொள்வதில் அவளுக்கு இணை கிடையாது.

மூன்று வருஷமாக மணகோலம் சுட்டவள் நாகம்மைதான்.

"ஒனக்குக் கைராசி அப்படித்தா" என்பாள் தேனம்மை. வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் அதே வார்த்தையைச் சிரிக்காமல் சொன்னவர்களும் வீட்டில் இருந்தார்கள். மலேயாவில் நாகம்மையின் புருஷன் தொட்ட தொழில் இரண்டு படுத்தபோது, வந்தவளின் ராசி என்று மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எந்த யோசனைக்கும் யாரும் அவளைக் கேட்டதில்லை. அவள் எடுத்தது எதுவும் விளங்காது என்பது அந்த வீட்டில் எழுதாத சாசனம்.

அதனால்தான் முத்துக்கருப்பன் அவளுக்கு அத்தனை முக்கியம். சந்தைப்பேட்டை கிளப்பில் பதினோராம் நம்பர். கொத்தமங்கலத்துப் பையன், பனைமர உயரம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பந்தைப் பிடித்தால் எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றவன். "இந்த ஒட்டடைக்குச்சியையா எடுத்த?" என்று தேனம்மை சிரித்தபோது, "இவன் பந்தப் பாக்கல ஆச்சி. பந்து எங்க விழுகப்போகுதோ அந்த எடத்தப் பாக்குறான்" என்றாள் நாகம்மை. மறு வருஷமே அவனுக்குக் கூடை பழகிவிட்டது. இந்த வருஷம் அவனைக் கூட்டிக்கொண்டாள். மாசி பிறக்கும்போது அவள் கிண்ணம்தான் நிறைந்திருந்தது. தேனம்மைக்கு வாய் அடைத்துப்போனது. நாகம்மைக்குச் சந்தோஷமாக இருந்தது, ஒளித்துவைக்கத் தெரியாத சந்தோஷம்.

கண்பட்டதோ என்னவோ, மாசியிலேயே அது நடந்தது. பலகையில் பட்டுத் திரும்பிய பந்துக்காக எழும்பியவன் இறங்கும்போது இன்னொருவன் பாதத்தின்மேல் இறங்கினான். முழங்கால் ஒரு பக்கமாகப் பிசகியது. தூக்கிக்கொண்டு போனார்கள். நாகம்மை அன்றைக்குச் சாப்பிடவில்லை. பந்தாட்டக்காரனுக்காகப் பட்டினி கிடந்தாள் என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வந்த கல்யாணசுந்தரி விஷயத்தைக் கொண்டுவந்தாள்.

"மதுர டாக்டர்ட்டக் காமிச்சிருக்காக ஆச்சி. சவ்வு கிழிஞ்சிருக்காம். ஆடி வரைக்கும் குதிக்கக்கூடாதுன்னுட்டாரு. மீறிக் குதிச்சா காலு மடங்காமப் போயிருமாம்."

தேனம்மை மனசு இரங்கிவிட்டாள். "விட்டுரு நாகு. பொதுவுல நல்ல பயலா ஒருத்தன எடுத்துக்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"கூட்டின பிள்ளைய விடுறதில்ல ஆச்சி."

"ஏத்தா, அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

"அப்பப் புளியங்கொட்டைக்குப் பதிலா பிடிவாதத்தப் போட்டுக்க கிண்ணத்துல" என்று தேனம்மை எழுந்து போய்விட்டாள்.

நாகம்மை விடவில்லை. அன்று தொடங்கி அவள் ஆட்டம் பார்த்த விதமே வேறு. நொண்டிக் குதிரையை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட வேண்டுமானால் மற்ற நாலும் நாலு கால் பாய்ச்சலில் போக வேண்டுமே. அவளிடம் ஒரு ஆடம்பரக்காரன் இருந்தான். பாதி மைதானத்திலிருந்து எறிவான், கூட்டம் கத்தும், பத்தில் இரண்டு விழும். அவனைக் கல்யாணசுந்தரியிடம் தள்ளிவிட்டு, கூடைக்கு அடியிலேயே எருமைமாடுபோல் நின்று சத்தமில்லாமல் போடும் ஒருவனை வாங்கிக்கொண்டாள். கல்யாணசுந்தரி தான்தான் லாபம் பார்த்ததாக நினைத்தாள், டிரில் டீச்சராக இருந்து என்ன செய்ய! எந்தக் கிளப்புக்கு எந்தக் கிளப்போடு ஆட்டம், யார் யாருக்கு எதிரே நிற்பான் என்றெல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்தாள் நாகம்மை. நாலு பேரை வைத்துக்கொண்டு ஐந்து பேரோடு மல்லுக்கட்டினாள். பங்குனி நடுவில் கல்யாணசுந்தரி பின்தங்கிப்போனாள். இனி மணகோலம் சுடப்போவது அவள்தான் என்பது நிச்சயம். ஆனால் நாகம்மைக்கு அது போதவில்லை. முதல் கிண்ணமாக வர வேண்டும். ஒரே ஒரு தரம், தான் எடுத்தது விளங்கியது என்று இந்த வீடு பார்க்க வேண்டும்.

கடைசி ஆட்டம் சந்தைப்பேட்டைக்கும் கீழத்தெருவுக்கும். நாகம்மையின் நாலு பேரும் ஏற்கெனவே தோற்று வெளியே போன கிளப்புகளின் ஆட்கள். தேனம்மைக்குக் கீழத்தெருவில் ஒருவன் இருந்தான். ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிஷம் இருக்கும்போது அவன் ஐந்தாவது பவுல் செய்து வெளியே அனுப்பப்பட்டான். கல்யாணசுந்தரி இரண்டு கிண்ணத்தையும் கொட்டி எண்ணினாள். தேனம்மைக்கு ஒரு கொட்டை கூடுதல்.

"அவ்வளவுதா. முடிஞ்சது" என்றாள் தேனம்மை.

முடியவில்லை. சந்தைப்பேட்டை தோற்றுக்கொண்டிருந்தது. கிளப் செக்ரெட்டரி தண்டாயுதபாணி ஓரத்து பெஞ்சுக்கு ஓடினார். அங்கே பனியனுக்கு மேல் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த முத்துக்கருப்பனிடம் குனிந்து ஏதோ சொன்னார். முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒருவரைக் கைகாட்டினார். முத்துக்கருப்பன் சட்டையைக் கழற்றினான். முழங்காலில் கட்டு, அதன்மேல் இன்னொரு கட்டு.

"அந்த நாற்காலில இருக்கவரு மில்லு ஆளு" என்றாள் கல்யாணசுந்தரி. "மில்லு டீமுக்கு ஆளெடுக்க வந்திருக்காரு. எடுத்தா நெரந்தர வேலை."

தேனம்மைக்கே உற்சாகம் வந்துவிட்டது. "நாகு, ஒம் பய எறங்குறாண்டி. ஒரு கூடை போட்டாச் சமம். ரெண்டு போட்டா நீதான் மொதல்."

நாகம்மை அதைக் கணக்குப் பண்ணாமல் இல்லை. பொய் சொல்வானேன், அவள் நெஞ்சு ஒரு நொடி குதித்தது. கூடைக்கு அடியில் நிறுத்தி வைத்தால்கூட அவன் இரண்டு போட்டுவிடுவான். மூன்று வருஷப் பேச்சுக்கு இரண்டு கூடையில் பதில் சொல்லிவிடலாம். அவன் கோட்டுக்கு வெளியே நின்று ஒருதரம் எழும்பிப் பார்த்தான். மேலிருந்து பார்க்கும்போது அவன் முகம் சுருங்கியது தெரிந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்திருக்கும்.

நாகம்மை எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். முகப்புக்குப் பக்கத்து அறையில் மெயின் சுவிட்ச் இருந்தது. பெரிய கைப்பிடி. அதை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மைதானம் இருண்டது, வீடும் இருண்டது. கூட்டம் ஓவென்று கத்தியது.

தேனம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். "என்னடி செஞ்ச? செயிக்கப்போறத நீயே கெடுக்கிறயே."

"கெடட்டும்."

"பெரியவுக காதுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?"

"போகட்டும் ஆச்சி."

இரண்டு பேர் டார்ச் லைட்டோடு வர, தண்டாயுதபாணி மூச்சிரைக்க முகப்பில் வந்து நின்றார். "ஆச்சி, பியூஸ் போயிருச்சா? ஆளக் கூட்டிக்கிட்டு வரவா?"

அந்த ஆளோடு நாகம்மை அதுவரை பேசியதே இல்லை.  

"பியூசெல்லாம் நல்லாத்தா இருக்கு. நாந்தா அமத்துனேன். அந்தக் கொத்தமங்கலத்துப் பய கால்ல கட்டோட எறங்குறானே, அவன உக்கார வைங்க. வச்சா வெளக்கு எரியும்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. "ஆச்சி, இது டோர்னமெண்ட்டு. யாரு எறங்கணும்னு நாங்க முடிவு பண்ணணும்."

"பண்ணுங்க. கரண்டு எங்க வீட்டோடது."

தண்டாயுதபாணி மூத்தவளைப் பார்த்தார். பெரிய ஆச்சி ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நாகம்மையும் பார்த்தாள். தேனம்மை டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"அவ சொல்லிட்டாள்ல" என்றாள் தேனம்மை. "போயி உக்கார வைங்க."

தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த வீட்டில் தன் சொல் நின்றதை நாகம்மை இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார வைத்தாகிவிட்டது என்று ஒருவன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் கைப்பிடியை மேலே தள்ளினாள். சந்தைப்பேட்டை தோற்றது. நாகம்மையின் கிண்ணத்தில் அந்த ஒரு கொட்டை குறைந்தே நின்றது.

மறுநாள் காலையில் முத்துக்கருப்பன் வந்தான். சைக்கிளைச் சாத்திவிட்டு, காலை இழுத்து இழுத்துப் படியேறி முகப்பில் நின்றான். கண் சிவந்திருந்தது. பக்கத்தில் பார்க்கும்போது இன்னும் சின்னப் பையனாக இருந்தான்.

"வெளக்க அமத்துனது நீங்கதானா ஆச்சி?"

"நாந்தான்."

"மில்லுல இருந்து ஆளு வந்திருந்தாக. அஞ்சு நிமிசம் ஆடிக் காமிச்சிருந்தா எனக்கு வேலை. எங்க வீட்டுல மொத ஆளா சம்பளத்துக்குப் போயிருப்பேன். ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. நியாயமான கேள்விதானே. இருந்தாலும் பின்வாங்கவில்லை.

"டாக்டர் ஆடி வரைக்கும் குதிக்கக்கூடாதுன்னாரா இல்லையா?"

"அது எப்படி ஒங்களுக்கு..."

"சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அஞ்சு நிமிசத்துல வேலை கெடச்சிருக்கும். ஆறாவது நிமிசம் காலு போயிருந்தா, அந்த வேலைய எந்தக் கால வச்சுப் பாப்ப?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கோபம் வடிந்து அழுகை முட்டியது. "இப்ப மட்டும் என்ன ஆச்சி. கிளப்புல வேற ஆளு தேட ஆரம்பிச்சுட்டாக. உக்காந்து போனவன அடுத்த வருசம் எவன் எடுப்பான்?"

"எடுப்பாக."

"யாரு எடுப்பா?"

உள்முற்றத்து வளவிலிருந்து தேனம்மை எட்டிப் பார்த்தாள். நாகம்மை திரும்பவில்லை.

"நான் எடுத்தாச்சு" என்றாள். "நீ போயிக் கால நீட்டி உக்காரு."