எல்லர்வீனுக்கு இருபது பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் பிறந்ததல்ல. மிடல்வோல்டே ஊராட்சியின் இலவச வாரப் பத்திரிகையில், உருளைக்கிழங்கு விளம்பரத்துக்கும் காணாமல்போன பூனை ஒன்றின் படத்துக்கும் நடுவே, நாலு வரித் தீர்மானமாகக் கிடந்தது. ஊராட்சியின் ஏழு கிராமங்களுடைய வரலாறும் ஒரே புத்தகமாக வெளிவரும். யார் மனமும் புண்படாமலிருக்க, ஒவ்வொரு கிராமத்துக்கும் சரியாக இருபது பக்கம். இருபதை நிரப்ப முடியாத கிராமம் பக்கத்துக் கிராமத்தின் அத்தியாயத்தில் சேர்க்கப்படும்.

நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவு சிரிப்பு. படை வந்து கொளுத்திய கிராமத்துக்கும் இருபது பக்கம். முந்நூற்றைம்பது வருஷமாக மழையைத் தவிர எதுவுமே வராத கிராமத்துக்கும் இருபது பக்கம்! இந்த நாட்டில் நீதி என்பது ஒரு பெரிய ரொட்டியைப் போல [இந்த உவமையை இங்கேயே விட்டுவிடுகிறேன். வெட்ட ஆரம்பித்தால் யார் பங்கு பெரியது என்று சண்டை வரும்.]

(வரைபடத்தில் மிடல்வோல்டேயைத் தேடாதீர்கள். ஊரும் கற்பனை, படையும் கற்பனை. இருபது பக்க நீதி மட்டும் கற்பனைபோலவே தோன்றவில்லை எனக்கு.)

2

தொடக்கம் ஒன்று: "சதுப்பு வயல்களின் மேல் மூடுபனி கவிழ்ந்திருந்த அந்தக் காலையில்..." வேண்டாம். இங்கே எல்லாக் காலையிலும் மூடுபனிதான். அதைச் செய்தியாகச் சொல்பவன் நேற்று வந்து இறங்கியவன்.

தொடக்கம் இரண்டு: "காலமெனும் மாபெரும் நதியின் கரையிலே எல்லர்வீன் எனும் சிற்றூர்..." எல்லர்வீனில் நதி கிடையாது. வாய்க்கால் உண்டு. அதுவும் ஓடாது, நிற்கும்.

தொடக்கம் மூன்று, இது இருக்கட்டும்: ஃபென்னா ஹுல்ஸெபோஸ் பதினெட்டரைப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

ஃபென்னாவுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்தொரு வருஷம் பால் அளந்தவள். பண்ணை பண்ணையாகப் போய், ஒவ்வொரு மாடும் எத்தனை கிலோ கறந்தது என்று பார்த்து, பென்சிலால் எழுதுவது வேலை. அவள் எழுதியதை வைத்துத்தான் மாட்டுக்கு மதிப்பு, மாட்டை வைத்துத்தான் மனிதனுக்கு. கெஞ்சாத விவசாயி இல்லை.

"கண்காட்சிக்குப் போற மாடு ஃபென்னா. அரைக் கிலோ ஏத்திப் போட்டா உலகம் அழிஞ்சிடுமா?"

"என்கிட்ட ஏன் கேக்கறே? மாட்டுகிட்ட கேளு. அது குடுத்தா நான் போடறேன்."

அப்படிப்பட்டவள். அதனால்தான் எல்லர்வீனின் அத்தியாயத்தை எழுத ஊரே ஒருமனதாக அவளைப் பிடித்துப் போட்டது. அவளும் நடந்ததை மட்டும் எழுதினாள். வாய்க்கால் வெட்டினார்கள். பள்ளிக்கூடம் திறந்தார்கள். பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பாலத்துக்குப் பச்சை அடித்தார்கள். பின்னொரு வருஷம் சாம்பல் நிறம் அடித்தார்கள். இரண்டுக்கும் படம் வைத்தாள். இரண்டுமே கறுப்பு வெள்ளைப் படங்கள். தாராளமாக இடம்விட்டு எழுதியும் பதினெட்டரை. மேலே ஒரு வரிகூட நகரவில்லை. எல்லர்வீனில் அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

3

டாக்டர் டியாடெனை இங்கே கொண்டுவர வேண்டும். கொஞ்சம் தயங்குகிறேன். அவரைப்போல ஒருவரைக் கதையில் போட்டால் மிகைப்படுத்திவிட்டேன் என்பார்கள், குறைத்துத்தான் எழுதுகிறேன்.

டியாடென், வரலாற்று டாக்டர்; அந்த ஏழு கிராமப் புத்தகத்தின் பதிப்புக் குழுத் தலைவர். பக்கத்துக் கிராமமான ரிங்கெல்சத்துக்காரர். ரிங்கெல்சத்தைத்தான் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் படை வந்து எரித்தது. எரிந்த ஊர்க்காரர்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. தீயை அவர்களே சொந்த முயற்சியில் வைத்துக்கொண்டதுபோல நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அவர் ஃபென்னா வீட்டுக்கு வந்தார். அவள் காப்பி ஊற்றினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள், அவர் ஒன்று எடுத்துக்கொண்டார், மூடினாள். இந்த வட்டாரத்தில் விருந்தாளிக்கு ஒரு பிஸ்கட்தான்.

"பதினெட்டரையா?" என்றார். "மனசைத் தளர விடாதீங்க. எங்க அத்தியாயத்துல ஒரு ஓரமா உங்களையும் சேத்துக்கறோம். 'சுற்றுப்புறம்'னு தலைப்புகூட யோசிச்சு வெச்சிருக்கேன்."

"சுற்றுப்புறமா?"

"மரியாதையாத்தான் சொல்றேன்."

"டாக்டர், ஒண்ணு கேக்கறேன். ஊர் எரிஞ்சதுல உங்க திறமை என்ன?"

டியாடென் கோப்பையைக் கீழே வைத்தார். "எரியறதுக்கும் ஒரு தகுதி வேணும், ஃபென்னா."

அவருடைய சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் ஃபென்னா மேசையில் உட்கார்ந்து எழுதினாள்: "ரிங்கெல்சத்தை எரிப்பதற்கு முந்தின நாள் அந்தப் படை எல்லர்வீனுக்கு வந்தது. கூழ்* குடித்தது. எதையும் தொடாமல் போய்விட்டது."

முதல் பிரதியில் இதை அவளுடைய கைத்தவறாக எழுதியிருந்தேன். பக்கம் நிரம்பினால் எப்படி இருக்கும் என்று பார்க்கச் சும்மா தட்டியதை மறந்து அனுப்பிவிட்டாள் என்று. அதை அடித்துவிட்டேன். ஃபென்னா எதையும் மறந்து அனுப்புகிறவள் இல்லை. தெரிந்தேதான் எழுதினாள். கோபத்தில், காது சிவக்க, ரசித்து எழுதினாள். முதல் பொய். அதைச் சுற்றி விளக்கம் சேர்க்கச் சேர்க்க, மழைக்காலத்துக் கதவுபோல உப்பி, மூன்று வரி ஒன்றரைப் பக்கமானது. இருபது!

* மோரில் வாற்கோதுமை போட்டுக் காய்ச்சுவது. படை நிற்காமல் போனதற்கு அதுவே காரணம் என்றொரு கருத்து பிற்பாடு ரிங்கெல்சத்தில் கிளம்பியது.

4

அவள் எதிர்பார்த்தது இது: ஊர்மன்றத்தில் வாசிப்பாள், யாராவது "இது எங்கேயிருந்து வந்துது?" என்று கேட்பார்கள், சிரிப்பார்கள், அடித்துவிடலாம். பாரத்தைப் பத்துப்பேர் பங்கிட்டுக்கொள்வார்கள்.

வாசித்தாள். பிறகு வடக்குக் கோடிப் பண்ணை ஸீபோல்ட் எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

"எங்க வீட்டுலதான் குடிச்சாங்க."

"என்னது?" என்றாள் ஃபென்னா.

"கூழ். எங்க கொள்ளுத்தாத்தா சொல்லுவாராம்."

"உங்க கொள்ளுத்தாத்தாவா?" தெற்குக் கோடியிலிருந்து ஆல்ட்யே கத்தினாள். தொண்ணூறு மாடு வைத்திருப்பவள், குரலும் அதற்குத் தகுந்த குரல். "அந்த மனுஷன் வாழ்நாள்ல நாலு வார்த்தை பேசல, அதுல ரெண்டு மாட்டுகிட்ட! படை தெற்காலதான் வந்துது. எங்க வீட்டுலதான் குடிச்சுது."

"உங்க வீட்டுலயா? உங்க வீட்டுல கூழ் குடிச்சிருந்தா படை அங்கேயே செத்திருக்கும்!"

"யோவ் ஸீபோல்ட், வாயை அளந்து பேசு. ஐந்நூறு பேர் சாப்பிட்ட கரண்டி இன்னும் எங்க வீட்டுல தொங்குது."

"ஒரே கரண்டியிலயா? ஐந்நூறு பேருமா?"

"வரிசையில நின்னாங்க!"

ஃபென்னா கையை உயர்த்தினாள். "கொஞ்சம் கேளுங்க, அந்த வரி வந்து..."

"நீ சும்மா இரு ஃபென்னா," என்றாள் ஆல்ட்யே அன்பாக. "நீ எழுதினவ. உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு வாரத்துக்குள் கரண்டி ஊர்மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. அதற்கு எதிராக ஸீபோல்ட் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தான். படை நின்ற இடம், படை யோசித்த இடம், படை திரும்பிப் பார்த்த இடம் என்று மூன்று பலகைகளோடு ஊராட்சி ஒரு சைக்கிள் பாதைக்கு அனுமதி கொடுத்தது. வறுவல் கடைக்காரன் தன் முட்டை உருண்டைக்குப் 'படைவீரன்' என்று பெயர் வைத்தான். ஒன்றுமே நடக்காத ஊரில் எல்லாம் ஒரே வாரத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் நிமிர்ந்து நடந்தார்கள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அழகாகக்கூட இருந்தார்கள்.

5

[இந்தப் பகுதியில் 'வரலாறு என்றால் என்ன' என்று ஒரு கட்டுரை எழுத உத்தேசித்திருந்தேன். "வரலாறு என்பது" என்று ஆரம்பித்து, எதிரே டியாடென் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியதால் நிறுத்திவிட்டேன்.]

ஃபென்னா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்கெல்சத்துக்குப் போனாள். எதிர்காற்று. அவளுக்கு ஒரே நம்பிக்கை: டியாடென் கண்டுபிடித்துவிடுவார். பத்தொன்பது வருஷமாக அந்த எரிப்பையே ஆராய்ந்தவர். ஏளனம் செய்வார், சிவப்பு மையால் அடிப்பார், தீர்ந்தது. அவமானம்தான், ஆனாலும் எழுதிய கணக்கு சரியாகிவிடும்.

கதவைத் திறந்தவர் அவளைக் கட்டிக்கொண்டார். இந்த வட்டாரத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. ஃபென்னாவுக்கு யாரோ செத்துவிட்டார்களோ என்று தோன்றியது.

"மேற்கு!" என்றார் டியாடென். "படை மேற்கிலேருந்து வந்துதுன்னு பத்தொன்பது வருஷமா தொண்டை வறளக் கத்தறேன். ஒருத்தன் நம்பல. கிழக்கு கிழக்குன்னாங்க. எல்லர்வீன் எந்தப் பக்கம்?"

"மேற்கு. ஆனா டாக்டர், ஆதாரம்னு பாத்தா..."

"அதான் இப்ப இருக்கே! எட்டாவது அடிக்குறிப்பு. நீங்கதான் ஆதாரம்."

"நானே இட்டுக் கட்டினதா இருந்தா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்களா? அரைக் கிலோ ஏத்திப் போடாத ஃபென்னாவா?" பிறகு அவள் முன்னால் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவைத்தார். மூடவில்லை. அதைப் பார்த்ததும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவளுக்கு உறைத்தது.

6

கடைசிக் கூட்டம். சனிக்கிழமை பிற்பகல், ஏழு கிராமத்துக்காரர்களும் ஒரே மண்டபத்தில். மேயரம்மா கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்திருந்தார். வெளியூரிலிருந்து நியமிக்கப்பட்டவர், அதனால் எல்லாரையும் பார்த்து ஒரே அளவு புன்னகைப்பார். அவர்தான் விதியை வாசித்தார்: அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு அத்தியாயமும் ஏகமனதாக ஏற்கப்பட வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு எதிராக ஒரே ஒரு கை உயர்ந்தாலும் அந்த வாக்கியம் நீக்கப்படும். எழுதியவர்களுக்கு மட்டும் ஓட்டு இல்லை.

எல்லர்வீனின் முறை வந்தபோது ஃபென்னா எழுந்தாள். தாள்களை வாசிக்கவில்லை.

"படையைப் பத்தின ஒன்றரைப் பக்கம் பொய்," என்றாள். "நான் எழுதினேன். டாக்டர்மேல இருந்த எரிச்சல்ல எழுதினேன். படை வரல. யாரும் கூழ் குடிக்கல. அடிச்சிடுங்க."

கரண்டிக்காரியும் சட்டிக்காரனும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவளுக்கு உடம்பு சரியில்ல," என்றான் ஸீபோல்ட்.

"அடக்கம்," என்றாள் ஆல்ட்யே. "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எங்க மாடு பரிசு வாங்கினப்பக்கூட எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னவ."

"ஆல்ட்யே, நான் சொல்றது நிஜம்!"

"ஃபென்னா, கண்ணு, இங்க பாரு. முப்பத்தொரு வருஷம் நீ எழுதினதுல ஒரு சொட்டு தப்பு இருந்துதா?"

"இல்ல."

"எழுதாம வாயால சொன்னது எதையாவது நாங்க நம்பினோமா?"

"அது..."

"உன் பேச்சை நம்பறதா, எழுத்தை நம்பறதான்னு வந்தா நாங்க எழுத்தைத்தான் நம்புவோம். நீயே எங்களுக்குக் கத்துக்குடுத்ததுதான்."

மண்டபம் கைதட்டியது. டியாடென் எழுந்து நின்று தட்டினார். ஃபென்னா வெளிறிப்போனாள். ஊர் கேட்டு ஏற்றாத அரைக் கிலோவை, ஊர் கேட்காமலே ஏற்றிவிட்டாள்; இப்போது மாடே வந்து நின்று கறந்தேன் என்று சாட்சி சொல்கிறது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அவள் எழுத்தின் உண்மை. அந்த உண்மையே இப்போது பொய்க்குக் காவல்.

மேயரம்மா தொண்டையைச் செருமினார். "சரி, முறைப்படி போவோம். ஃபென்னா அம்மா சொல்றபடி இது பொய்னு நம்பறவங்க கை தூக்கலாம்."

7

முடிவுக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறேன்.

ஒன்றில் கை உயர்கிறது. அந்த ஒன்றரைப் பக்கமும் போகிறது. ஃபென்னா எழுதியது மறுபடியும் ஒரு சொட்டுப் பிசகாமல் நிற்கிறது. எல்லர்வீனுக்குப் பதினெட்டரைப் பக்கம், ஆகவே அத்தியாயம் இல்லை, ரிங்கெல்சத்தின் 'சுற்றுப்புறம்'. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஆல்ட்யே கரண்டியை வீட்டுக்கு எடுத்துப் போவாள். யாரும் ஃபென்னாவைத் திட்ட மாட்டார்கள். அவள் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றில் கை உயரவில்லை. புத்தகம் வருகிறது. இருபது பக்கமும் நிறைந்த எல்லர்வீன் தலைநிமிர்ந்து சைக்கிள் ஓட்டுகிறது. ஃபென்னா மட்டும் அந்தப் புத்தகத்தை வாழ்நாளில் திறக்கவில்லை.

முதல் பிரதியை அச்சுக்குக் கொடுக்கலாமென்று போனேன். அங்கேதான் இடித்தது. அந்தக் கை யாருடையது? ஸீபோல்டுக்குச் சட்டி இருக்கிறது. ஆல்ட்யேவுக்குக் கரண்டி. டியாடெனுக்கு எட்டாவது அடிக்குறிப்பு. மற்ற ஐந்து கிராமத்துக்காரர்களும் அந்த மூன்று பலகைகளையும் சைக்கிளில் போய்ப் பார்த்து, படை யோசித்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள். மண்டபம் முழுக்க உருவாக்கிப் பார்த்துவிட்டேன், ஃபென்னாவை நம்பும் ஓர் ஆள் அகப்படவில்லை. ஃபென்னாவுக்கும் எனக்கும் ஓட்டு கிடையாது. இரண்டு பேருமே எழுதியவர்கள்.

அவள் காது சிவக்க எழுதியதைப் பார்த்தது மொத்தம் ஓர் ஆள்தான். அவள் சொல்வது நிஜம் என்று அந்த ஆளுக்கு மட்டும் தெரியும். அந்த ஆள் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மேயரம்மா பேனாவை எடுத்துவிட்டார். முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை என்று அவர் பார்வை நகர்கிறது. "ஒருத்தரும் இல்லையா?"

ஃபென்னா மண்டபத்தைப் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கிறாள்.