லிஃப்டில் சொன்ன பதில்

"அண்ணி, அரைமணி நேரமா தண்ணிச் சத்தம் கேக்குது. உள்ளே கோட்டையா கட்டுறீங்க? எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

குளியலறையில் குந்தியிருந்தவள் பாவாடையை வாளிக்குள் அமுக்கினாள். தண்ணீர் மறுபடியும் சிவந்தது. மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது. இப்போது ஒன்பது நாளாக நிற்காமல் போகிறது.

கதவைத் திறந்தபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள். கணவனின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து இருபது வருடமாகிவிட்டது. பாடம் நடத்தும் குரலிலேயே வீட்டிலும் பேசுவதால் அண்ணனுக்குக்கூட அவள் டீச்சர்தான். அவள் பார்வை நேராக வாளிக்குப் போனது.

"ஐயோ! அண்ணே, இங்க வாயேன். அண்ணி திரும்பக் குமரியாயிட்டாங்க."

சீருடைப் பொத்தானைப் போட்டபடி வந்த அண்ணன் எட்டிப் பார்த்தான். ஒரு கணம் முகம் சுளித்தான். பிறகு சிரித்தான்.

"மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். வயசு குறையுது, சந்தோஷப்படு."

"டாக்டரைப் பாத்துட்டு வரட்டுமா?"

"பாத்து என்னன்னு சொல்லுவே? ஆம்பளை எதிர்ல உக்காந்துக்கிட்டு இந்தக் கதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப் போறியா? எங்கம்மா சாகுற வரைக்கும் ஒரு டாக்டர் மூஞ்சியைப் பாத்ததில்லை."

அதனால்தான் செத்தார்கள் என்று அவள் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அந்த வீட்டில் பெண்களின் நோயை ஆண்கள்தான் வெளியே எடுத்துப் போவார்கள். பெண் வீட்டில் இருப்பாள், அவள் வலி மட்டும் ஆணின் வாய்வழியாக வைத்தியரிடம் போய் மருந்தாகத் திரும்பி வரும். வழியில் என்ன சிந்தியது, என்ன மாறியது என்று யாரும் கேட்டதில்லை. இவள் கணவனுக்கு அது இன்னும் சுலபம். அவன் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுபவன். நாலாவது மாடியில் டாக்டரின் அறை. போன வருடம் இவளுக்கு உடம்பு அனலாகக் கொதித்து, வியர்த்து, வேலை பார்க்கும் பைண்டிங் கடையில் மடிக்கிற தாளெல்லாம் நனைந்தபோது, மறுநாளே மாத்திரை வந்தது. கொதிப்பு அடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுச் சீட்டும் வந்தது. டாக்டரை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் பஞ்சு வாங்க மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் பொட்டலத்தை நீட்டிவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள்.

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"லிஃப்ட்காரர் வீட்டம்மாதானே நீங்க? ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உங்களுக்குத்தானே வாங்கிட்டுப் போறாரு? உங்களுக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சுல்ல?"

"எடுக்கலையேம்மா."

அந்தப் பெண் கல்லாப்பெட்டியைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, அது கெட்ட மருந்து இல்ல. உடம்பு தெரிஞ்சு குடுத்தா நல்ல மருந்து. ஆனா கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு அதைத் தனியா குடுக்க மாட்டாங்க, கூட இன்னொரு ஹார்மோனும் சேர்த்துத்தான் குடுப்பாங்க. இல்லேன்னா உள்ளே தோல் தடிச்சுக்கிட்டே போகும், புத்துநோயில கொண்டுபோய் விட்டாலும் விடும். நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும். எத்தனை நாளாச்சு?"

"பத்து."

"இன்னைக்கே போங்க. அவரை அனுப்பாதீங்க. நீங்க போங்க."

அவள் லிஃப்டுக்குள் ஏறியபோது கணவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கூட மூன்று பேர். அவன் முகம் வெளுத்தது.

"நாலாவது மாடி," என்றாள்.

அவன் பொத்தானை அழுத்தினான். மாடி எண்கள் மட்டும் மாறின.

டாக்டர் கணினியைத் திருப்பிப் பார்த்தார். "ரத்தப்போக்கா? எப்படிம்மா? உங்களுக்குத்தான் கர்ப்பப்பையே இல்லையே. எடுத்தாச்சுன்னு இருக்கு."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான். கேட்டேனே. கர்ப்பப்பை இருக்கா, எடுத்தாச்சான்னு கேட்டேன். எடுத்தாச்சுன்னாரு."

"எங்க வச்சுக் கேட்டீங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "லிஃப்டுல," என்றார் கடைசியில்.

அன்று மாலை கணவனும் மறைக்கவில்லை. "நாலு பெரிய மனுஷங்க நிக்கிறாங்க. இருக்குன்னு சொன்னா அடுத்த கேள்வி கேப்பாரு. எப்ப நின்னுது, எவ்வளவு போச்சுன்னு. என் மானம் என்னாகுறது? எடுத்தாச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சேன்."

அவள் உடம்பை ஒரே வார்த்தையில் முடித்திருந்தான். இரண்டு மாடி ஏறுவதற்குள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்தார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற அறிக்கை வர இன்னும் ஒரு வாரமாகும்.

நாலாம் நாள் கணவனும் டீச்சரும் பார்க்க வந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் என்ன ஆபரேஷன் என்று விசாரித்தான்.

"நான் போன வருஷமே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், எடுத்தாச்சுன்னு," என்றான் கணவன். "இவங்க இப்பத்தான் எடுத்திருக்காங்க. நம்ம வாக்கு பொய்க்காது."

அந்த ஆள் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. அன்று வந்ததிலிருந்தே நாற்காலியின் நுனியில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் காகிதத்தோடு வந்தாள். "அந்த மாத்திரை மிச்சம் இருந்தா கொண்டுவந்து குடுத்துடுங்க. வீட்டுல வேற யாரும் எடுக்கலையே?"

டீச்சர் முந்தானையைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"டீச்சருக்கும் இதே கொதிப்புத்தான்," என்றான் கணவன் மெதுவாக. "எதுக்குத் தனியா ஒரு சீட்டுன்னு, கேட்டு ரெண்டு அட்டையா வாங்கினேன். ஆறு மாசமா குடுக்குறேன்."

கட்டிலில் கிடந்தவள் நாத்தனாரைப் பார்த்தாள். அந்த ஒருபக்கச் சாய்வைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா போகுது?" என்று கேட்டாள்.

"மெதுவா பேசுங்க அண்ணி." டீச்சரின் குரலில் பாடம் நடத்தும் கனம் இல்லை. "ஒரு மாசமா."

நர்ஸ் பேனாவை மூடினாள். "டாக்டர் அந்த அறையிலதான் இருக்காங்க. உடனே காட்டுங்க."

கணவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "நீ இரு டீச்சர். நான் போய் சொல்லிட்டு வர்றேன்."

டீச்சர் தலையாட்டினாள். நாற்காலியில் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

கட்டில் கிறீச்சிட்டது. அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு இவள் இறங்கி நின்றாள். தையல் சுரீரென்று இழுத்தது. நர்ஸ் தாங்க வந்தாள், இவள் வேண்டாமென்று தலையசைத்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுந்திரு."

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

பன்னிரண்டு கட்டில்களைத் தாண்டி நடந்தார்கள். இரண்டு இடத்தில் இவள் நின்று மூச்சு வாங்கினாள். கணவன் பின்னாலேயே வந்தான். "ஏய், சொன்னா கேளு. அவளுக்குப் பேசத் தெரியாது."

டாக்டரின் அறைக்குள் டீச்சரைத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

உள்ளே ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது. மறுபடி கேட்டது. கதவின் இந்தப் பக்கம் அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து, ஐம்பது வயதில் முதல்முறையாக ஒரு டாக்டரிடம் பேசும் டீச்சரின் குரல் கேட்டது.

"எனக்கு..."